வாடகை இல்லாத வீட்டுக்கு வாடகை

ஜெயபால் அண்ணன் அன்று நான்கு இட்லி தின்றுவிட்டுக் காசு கொடுத்தார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

அவர் எங்கள் வீட்டுக்காரர். அடி அண்ணாமலை என்ற ஊரில் தன் வீட்டை ஒட்டி, சுவரோடு சுவராக ஒரு அறையும் சமையலறையும் கட்டி விட்டிருந்தார். அதில்தான் நானும் என் மனைவி பூங்காவனமும் இருந்தோம். பூங்காவனம் காலையில் வாசலில் இட்லி போடுவாள். ஜெயபால் அண்ணன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வரும்போது இரண்டு தின்பார். காசு கொடுக்க மாட்டார். நாங்களும் கேட்க மாட்டோம். அது அவர் வாசல்தானே.

அன்று தின்றார், கை கழுவினார், சட்டைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மாவுக் குண்டானின் மூடிமேல் வைத்தார்.

"இன்னாண்ணா, காசெல்லாம் குடுக்கறீங்க?" என்றாள் பூங்காவனம்.

"வெச்சுக்கம்மா. வியாபாரம்னா வியாபாரம்."

பிறகு துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"வேலு, வர்ற மாசத்தோட போக்கியம் முடியுதுப்பா."

"ஆமாண்ணா."

"ரெண்டு லட்சம் திருப்பிக் குடுக்கணும். கையில இல்ல. பொண்ணு நர்சிங் படிப்பு இழுத்துக்கினே போகுது. மெட்ராஸ்காரர் ஒருத்தர் வந்து வீட்டப் பாத்துட்டுப் போனாரு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வந்து தங்கறதுக்கு. மூணரை தர்றேன்றாரு. அத வாங்கி உங்க ரெண்டக் குடுத்துட்டா எனக்கும் மிச்சம் நிக்கும். ஆனா மூணு வருஷம் பழகிட்டோம். நீங்க மேல ஒரு லட்சம் போட்டா நீங்களே இருங்க."

இட்லி வாங்கப் பாத்திரத்தோடு இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அத்தனை பேர் முன்னிலையில் நான் சொன்னேன்:

"ஒரு லட்சம்தானேண்ணா? குடுத்துடலாம்."

சட்னி ஊற்றிக்கொண்டிருந்த பூங்காவனத்தின் கரண்டி அப்படியே நின்றது. கரண்டியிலிருந்து சட்னி மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

தீர்ந்தால் ஊர் மாறும்

மிளகாய் மண்டியில் மூட்டை தூக்கிய நாட்களைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒருவர், "இவ்வளவு ஊர் சுற்றிச் சம்பாதித்தீர்களே, அந்தப் பணமெல்லாம் என்ன ஆனது?" என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. யோசித்துப் பார்த்தால், அப்படி ஒரு கேள்வி இருப்பதே எனக்கு அப்போது தெரியாது.

எட்டாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். லாரியில் கிளீனர், மண்டியில் மூட்டை, ஹோட்டலில் மாவு ஆட்டுவது, கிரானைட் பட்டறை. எல்லா ஊரிலும் என் கணக்கு ஒன்றுதான். காலையில் எழுந்ததும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்ப்பேன். தடிமனாக இருந்தால் அன்றைக்கு ஓய்வு. மெலிந்திருந்தால் வேலை. ஒன்றுமே இல்லாவிட்டால் ஊர் மாறுவேன்.

புது ஊரில் ஒரு வசதி உண்டு. மெஸ்காரருக்கு நம்மைத் தெரியாது. அதனால் முதல் வாரம் நம்புவார். வாடகை கேட்கும் இடத்தில் நான் இருந்ததில்லை. குடோனிலும் லாரியிலும் பஸ் நிலையத்திலும் படுத்தேன். துவரம்பருப்பு ஒரு கிலோ வாங்கினால் இரண்டு பேருக்கு எத்தனை நாள் வரும் என்பது நாற்பது வயதுவரை எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் அது மாதத்துக்கு மாதம் மாறுவது ஏன் என்பது இன்றுவரை புரியவில்லை.

கிரானைட் பட்டறை என் இடது கையில் இரண்டு விரல்களை எடுத்துக்கொண்டது. பட்டறை முதலாளி போலீஸ், கோர்ட் என்று போகாமல் இருக்க ஒரு லட்சம் கொடுத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக சட்டைப்பையில் அடங்காத பணம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கல் ஏற்றிய லாரி ஒன்று திருவண்ணாமலை வழியாகப் போனது. அதில் ஏறி வந்தேன். இங்கே தபால் ஆபீசில் பணத்தைப் போட்டுவிட்டு, அதை மறந்துவிட முயன்றேன்.

இந்த ஊரில் தங்கியதற்குப் பக்தி காரணம் என்று சொன்னால் பொய். சோறுதான் காரணம். கிரிவலப் பாதையில் எங்காவது அன்னதானம் நடந்துகொண்டே இருக்கும். தொன்னையில் சுடச்சுடப் போடும் வெண்பொங்கலில் மிளகு வாசனை. தொன்னையின் அடி நனைந்து, உள்ளங்கை சுடும். பணம் இல்லாமலே பசி தீர்கிற ஊரில் பணத்தைப் பற்றி யோசிக்க என்ன இருக்கிறது?

பௌர்ணமி அன்று பாதையோரம் சுக்குக் காப்பிக் கடை போட்டிருந்தாள் பூங்காவனம். அவளுக்குக் குடத்தில் தண்ணீர் தூக்கிக் கொடுத்தேன். அடுத்த பௌர்ணமியும் தூக்கினேன். அவளை விட்டுவிட்டுப் போன முதல் கணவன் திரும்பி வரவே இல்லை என்று பிறகு சொன்னாள். எப்படிக் கல்யாணம் ஆனது என்பது பெரிய கதை. இங்கே வேண்டாம்.

யாருக்கு நஷ்டம்?

முதலில் செங்கம் ரோட்டுக்குப் பின்னால் ஒரு அறையில் இருந்தோம். வாடகை மூவாயிரம், கரண்ட் தனி. எனக்கு ஆசிரமத்துப் பக்கம் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை. அறை கூட்டுவது, மோட்டார் போடுவது, வெள்ளைக்காரர்களின் பெட்டியை மாடிக்குத் தூக்குவது.

பூங்காவனம்தான் ஒரு நாள் போக்கியத்தைப் பற்றிச் சொன்னாள். வீட்டுக்காரருக்கு மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட வேண்டும். மூன்று வருடம் வாடகை கிடையாது. மூன்று வருடம் முடிந்ததும் கொடுத்த தொகையை அப்படியே திருப்பித் தந்துவிடுவார்கள். அவர்களும் வட்டி தர மாட்டார்கள்.

"அப்போ மூணு வருஷம் சும்மா இருக்கலாமா?"

"சும்மாதான்."

"காசும் திரும்ப வந்துடுமா?"

"வந்துடும்."

"அப்போ யாருக்கு நஷ்டம்?"

அவள் வெங்காயம் நறுக்கினாள்.

இரண்டு லட்சம். அதில் ஒரு லட்சம் என் விரல் காசு. இன்னொரு லட்சம் பூங்காவனம் கொடுத்தாள். சீட்டு எடுத்தேன் என்றாள். பத்திரம் எழுதுகிறவரின் கடையில் ஜெயபால் அண்ணனும் நாங்களும் உட்கார்ந்திருந்தோம். பத்திரம் எழுதுகிறவர் படித்துக் காட்டினார்: வீட்டுக்கு வாடகை இல்லை, பணத்துக்கு வட்டி இல்லை. நான் அவரிடமும் கேட்டேன்.

"சார், இதுல யாருக்கு நஷ்டம்?"

அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நஷ்டம் வேணும்னு கேட்டு வர்ற பார்ட்டிய இப்பத்தான் பாக்கறேன். கையெழுத்துப் போடுங்க."

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. எங்கள் விடுதிக்கு வருடா வருடம் வருகிற ஒரு வெளிநாட்டுக் கிழவர் இருந்தார். ஏதோ பாங்கில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். தெரிந்த இங்கிலீஷில் அவரிடம் போக்கியத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு கை துடைக்கும் காகிதத்தில் கோடு போட்டார். இரண்டு லட்சத்தை ஒரு பக்கம் எழுதினார், வாடகையை இன்னொரு பக்கம் எழுதினார், அம்புக்குறி போட்டார். காகிதம் கிழிந்தது, இன்னொன்று எடுத்தார். அவருடைய டீ ஆறிப்போனது. கடைசியில் நிமிர்ந்து, "உங்கள் ஓனர் அந்தப் பணத்தை என்ன செய்கிறார்?" என்று கேட்டார். பொண்ணு படிக்கிறாள் என்றேன். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தியானம் செய்யப் போய்விட்டார்.

ஓனரம்மா

அடி அண்ணாமலைக்குக் குடிவந்த முதல் மாதம். தேதி ஒன்று. வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். பூங்காவனம் கதவை மறித்துக்கொண்டு கையை நீட்டினாள்.

"வாடகை குடு."

"எந்த வாடகை?"

"இந்த வீட்டு வாடகை. மூவாயிரம். உன் பங்கு ஆயிரத்து ஐந்நூறு."

"போக்கியத்துக்குத்தான குடுத்துட்டோம்?"

"அது அவருக்கு. இது எனக்கு."

விளையாட்டு என்று நினைத்தேன். அவள் நகரவில்லை. கொடுத்தேன். தன் இட்லிக் காசிலிருந்து இன்னொரு ஆயிரத்து ஐந்நூறை எண்ணி, என் பணத்தோடு சேர்த்து, ஒரு கையால் கொடுத்து இன்னொரு கையால் தானே வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்துத்தான் எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது.

மாதா மாதம் இது நடந்தது. ஒரு மாதம் மூன்றாம் தேதி ஆகிவிட்டது. நிஜமான வீட்டுக்காரியைப் போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இன்னா நெனச்சுக்கினு இருக்க? குடுக்க முடியலன்னா காலி பண்ணு. எனக்கு நூறு பேரு வர்றாங்க."

"நூறு பேரும் உன்கூடவே இருப்பாங்களா?"

"வாய் மட்டும் ஜாஸ்தி. காசு கம்மி."

நானும் விடவில்லை. சமையலறைக் குழாய் ஒழுகியது. "ஓனரம்மா, பைப்பு ஒழுகுது. வாடகை வாங்கறீங்க இல்ல, வந்து பாருங்க" என்றேன். அன்று மாலையே பிளம்பர் வந்துவிட்டார். வாடகைக் காசிலிருந்து கூலி கொடுத்தாள். நான் தோற்றுப்போனேன்.

அந்தப் பணத்தை எங்கே வைக்கிறாள் என்று ஒருமுறை கேட்டேன்.

"வாடகை குடுத்தவன், ஓனர் காச எங்க வெச்சாருன்னு கேப்பானா?"

கேட்க மாட்டான்தான். அதன் பிறகு நானும் கேட்கவில்லை. ஆனால் மனதுக்குள் அந்தப் பணம் வளர்ந்துகொண்டிருந்தது. நான் பார்க்காத ஒரு பானையில் அரிசி நிறைவது போல.

மூன்று விதமான மாதம்

எங்கள் வீட்டில் மாதம் ஒன்றல்ல. இது எனக்குப் புரியவே ஒரு வருடம் ஆனது.

விடுதிச் சம்பளம் இங்கிலீஷ் மாதத்துக்கு வரும். இட்லி தினமும் வரும், மழை பெய்தால் வராது. சுக்குக் காப்பி பௌர்ணமிக்கு வரும். ஆனால் பௌர்ணமி காலண்டருக்குக் கட்டுப்படாது. ஒவ்வொரு மாதமும் கொஞ்சம் முன்னால் நகரும். ஒரு சமயம் வாடகைக்கு முந்தைய நாள் வந்து நிற்கும்; அப்போது நாங்கள் ராஜா. நகர்ந்து நகர்ந்து மாத நடுவுக்குப் போய்விட்டால், ஒன்றாம் தேதி கையில் இருப்பது போன நிலாவின் மிச்சம்தான். அதில் பாதிக்குச் சுக்கும் வெல்லமும் வாங்கியிருப்போம்.

வெயில் காலத்தில் இன்னும் மோசம். வெள்ளைக்காரர்கள் போய்விடுவார்கள். விடுதி காலி. எனக்குப் பாதிச் சம்பளம். அந்த மாதங்களில் மத்தியானம் அன்னதானத்தில் தின்றுவிட்டு வந்தேன். பூங்காவனம் வர மாட்டாள்.

"நீ போய்த் தின்னுட்டு வா. நான் வரிசையில நின்னா, காலையில என்கிட்ட இட்லி வாங்குனவங்களும் அங்கதான் நிப்பாங்க. இவளே இங்க நிக்கறா, இவ மாவு இன்னா மாவோன்னு நெனப்பாங்க."

அதனால் அவள் மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்துத் தின்றாள். இதில் வருத்தம் ஒன்றும் இல்லை. அந்த உப்புமா நன்றாகவே இருக்கும். ஆனால் அப்படி இருந்த மாதத்திலும் வாடகையை மட்டும் விடவில்லை. "பாக்கி" என்று சொல்லி அடுத்த பௌர்ணமியில் பிடித்துக்கொண்டாள்.

இல்லாத வாடகைக்காக இருக்கிற சோற்றைக் குறைப்பது என்ன கணக்கு? பாதையில் நடக்கும்போதெல்லாம் யோசித்துப் பார்ப்பேன். ஒரு நாள் யோசனை பெருக்கலாக மாறியது. மூவாயிரம், வருடத்துக்குப் பன்னிரண்டு, மூன்று வருடம். முதலில் போட்டபோது ஒரு விடை, அடுத்ததில் வேறு விடை. நின்று, கண்ணை மூடி, விரல் விட்டுப் போட்டேன். விரலில்தான் எனக்குக் கொஞ்சம் பற்றாக்குறை. கடைசியில் ஒரு லட்சத்துக்கு மேலே வந்து நின்றது.

ஜெயபால் அண்ணன் காசு கொடுத்து இட்லி தின்ற காலையில், என்னிடம் இருந்தது அந்தப் பெருக்கல்தான்.

எந்த லட்சம்?

வாங்க வந்தவர்கள் போனார்கள். பால்காரரும் மனமில்லாமல் போனார். பூங்காவனம் அடுப்பை அணைத்தாள்.

"எந்த லட்சம்?" என்றாள்.

"இன்னா எந்த லட்சம்? மூணு வருஷமா வாங்கனியே வாடகை. கணக்குப் போட்டேன். லட்சத்துக்கு மேலயே வருது."

"எத்தன தடவ போட்ட?"

"நாலு."

"நாலும் ஒண்ணா வந்துச்சா?"

"கடைசி ரெண்டு."

வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். சிரிக்கவில்லை. இட்லித் தட்டிலிருந்த ஈரத் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். அது ஏற்கெனவே பிழிந்த துணி.

"பதினோராயிரம் இருக்குது" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று தோன்றியது.

"நான் போக்கியத்துக்கு ஒரு லட்சம் குடுத்தேனே, அது இன்னா காசுன்னு நெனச்ச?"

"சீட்டுன்னு சொன்ன."

"சீட்டு இருபதாயிரம். மீதி எண்பதாயிரமும் மகளிர் குழுவுல எடுத்த கடன். மாசம் மூவாயிரம் தவணை. வாடகைன்னு வாங்குனது அதுதான். நாலு மாசம் முன்னாடிதான் முடிஞ்சுது. அப்பால சேந்தது பதினோராயிரம்."

"கடன்னு சொல்றதுக்கு இன்னா? வாடகைன்னு ஏன் சொன்ன?"

அவள் என்னைப் பார்க்காமல் கொடியிலிருந்த துணியைப் பார்த்துச் சொன்னாள்.

"மொதல்ல இருந்த ஆளு எட்டாயிரம் கடனுக்கு பெங்களூரு பஸ் ஏறுனாரு. நீ பாக்கெட்டு காலியானா ஊரு மாத்தற ஆளு. நீயேதான் சொன்ன. சிரிச்சுக்கினே சொன்ன. வாடகைன்னா திட்டிக்கினே குடுத்துட்டுத் தூங்குவ. கடன்னு சொன்னா..."

மீந்த மாவுக்கு மூடி போட்டாள்.

கோபப்பட வேண்டும் என்று தெரிந்தது. எதற்கு என்று தெரியவில்லை. என்னை ஏமாற்றியதற்கா? அந்த மூன்று வருடமும் நான் நிம்மதியாகத் தூங்கியிருக்கிறேன். கடனில் இருந்தது தெரியாமலே ஒரு கடனை அடைத்தும் இருக்கிறேன். இதற்குக் கோபப்படுவதா, சந்தோஷப்படுவதா?

வேலைக்குப் போனேன். மூன்றாவது அறைக்குப் போட வேண்டிய படுக்கை விரிப்பை ஐந்தாவது அறைக்குப் போட்டேன். மோட்டாரை நிறுத்த மறந்து மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. மனதுக்குள் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. விரல் காசு என்னுடையது. அவள் கடனிலும் பாதித் தவணை என்னுடையது. அப்படியானால் இரண்டு லட்சத்தில் என் பங்குதான் அதிகமா? ஆனால் அவள் இட்லி போடாவிட்டால் எனக்குச் சோறு எது? அந்தச் சோற்றுக்கு நான் பணம் கொடுத்தேனா? கொடுத்த ஞாபகம் இல்லை. இதை வீட்டில் கேட்டால் கரண்டி பறக்கும். பாங்குக் கிழவரும் அந்த வருடம் வரவில்லை.

ஒன்று மட்டும் தெளிவாக இருந்தது. ஊரார் முன்னால் கொடுத்த வார்த்தையை நான்தான் போய் திரும்ப வாங்க வேண்டும். வாங்கினால் வீடு மெட்ராஸ்காரருக்கு.

கொட்டகையில்

சாயங்காலம் ஜெயபால் அண்ணன் மாடு கறந்துகொண்டிருந்தார். சாணமும் பிண்ணாக்கும் கலந்த வாசனை. குவளையில் பால் விழும் சத்தம் மட்டும்.

"அண்ணா, காலையில ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

"சொன்ன."

"அந்தக் காசு இல்லண்ணா."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு லட்சத்த 'தானே'ன்னு சொல்றவன்கிட்ட ஒரு லட்சம் இருக்காதுப்பா."

மாடு காலை மாற்றி வைத்தது. அவர் குவளையை நகர்த்திக்கொண்டார். எனக்கு அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும்போல இருந்தது. மற்ற ஊர்களில் இந்த இடத்தில்தான் நான் கிளம்பியிருக்கிறேன். ஆனால் வாயிலிருந்து வேறொன்று வந்தது.

"மாசா மாசம் மூவாயிரம் குடுக்கறேண்ணா."

"எதுக்கு?"

"வாடகை."

கறப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார். "போக்கியம் குடுத்தவனா வாடகை குடுக்கறது? எந்த ஊர்ல பாத்த?"

எங்கள் வீட்டில்தான் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? "என்னால லட்சம் குடுக்க முடியாதுண்ணா. மூவாயிரம் முடியும். மூணு வருஷமா குடுத்துப் பழக்கம்" என்றேன். அவருக்கு அது புரிந்திருக்க வாய்ப்பில்லை. என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அதற்குள் அவர் மனைவி சரோஜா அக்கா பின்கதவில் வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பொண்ணு ஹாஸ்டல்ல மாசா மாசம் அவ்ளோதான கேக்கறாங்க? மாசக் காசாவே வரட்டுமே."

"காலேஜ் பீஸு?"

"அத பால் சொசைட்டில லோன் போடுவோம். உங்க மெட்ராஸ்காரன் பௌர்ணமிக்குப் பௌர்ணமி காரு எடுத்துக்கினு வருவான். எங்க நிறுத்துவான்? இந்தக் கொட்டாய்லயா? மாட்ட எங்க கட்டுவீங்க, அவன் காருலயா?"

ஜெயபால் அண்ணன் மாட்டைப் பார்த்தார். கொட்டகையைப் பார்த்தார். இதை அவர் யோசித்திருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அந்த ஒரு நிமிடம் இந்த உலகத்தில் கணக்குத் தெரியாதவன் நான் ஒருவன் மட்டும் இல்லை என்று ஆறுதலாக இருந்தது.

"மூணு வருஷம். ரெண்டு லட்சம் அப்படியே நிக்கும். மாசம் மூவாயிரம். ஆனா எழுதிக்கணும்" என்றார்.

"எழுதிக்கலாம்ணா."

அரிசி ஊறும் நேரம்

வீட்டுக்கு வந்தபோது பூங்காவனம் மறுநாள் மாவுக்கு அரிசியும் உளுந்தும் கழுவிக்கொண்டிருந்தாள். சொன்னேன். அவள் கை அரிசித் தண்ணீருக்குள்ளேயே நின்றது.

"ரெண்டு லட்சமும் குடுத்துட்டு, வாடகையும் குடுக்கறேன்னு சொன்னியா?"

"ஆமா."

"இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன்தான்யா."

"இல்லன்னா காலி பண்ணணுமே."

"பண்ணா இன்னா? நம்ம ரெண்டு லட்சம் கைக்கு வந்துடும். வேற போக்கியம் பாப்பேன். செங்கம் ரோட்டுல ஒண்ணு சொல்லி வெச்சிருக்கேன். எனக்கு இந்த வீட்ட விட்டுப் போறதுல கஷ்டம் ஒண்ணுமில்ல."

"எனக்கு இருக்குது."

"இன்னா இருக்குது?"

யோசித்தேன். சொல்லும்படியாக ஒன்றும் அகப்படவில்லை. மழை பெய்தால் பின்சுவரில் ஓதம் ஏறும். மாட்டுக் கொசு அதிகம். "தெரியல. போகப் புடிக்கல" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவள் என்னை எவ்வளவோ விதமாகப் பார்த்திருக்கிறாள். திட்டுவதற்கு, கேலி செய்வதற்கு, காய்ச்சலா என்று பார்ப்பதற்கு. இது அவற்றில் எதுவும் இல்லை.

"நீயா சொல்ற?"

"நான்தான் சொல்றேன்."

அரிசியில் தண்ணீர் ஊற்றி மூடினாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். எதிரே தரையைத் தட்டினாள்.

"ஒக்காரு."

உட்கார்ந்தேன்.

"முழுசா சொல்றேன். நடுவுல எழுந்து போகக் கூடாது."

சொல்ல ஆரம்பித்தாள். கேஸ் சிலிண்டர் எப்போது தீரும், அதற்கு எந்த இட்லிக் காசை எடுத்து வைக்கிறாள். மளிகைக் கடையில் எவ்வளவு நிற்கிறது, அந்தக் கடைக்காரர் பௌர்ணமி வரை ஏன் கேட்க மாட்டார். தன் தங்கையிடம் வாங்கியது. எதிர்வீட்டுக்காரி நமக்குத் தர வேண்டியது. சுக்கு விலை ஏறியபோது கல்யாணத்தில் போட்ட கம்மல் அடகுக்குப் போனது, பிறகு எப்படித் திரும்பி வந்தது. சில மாதம் அவள் காதில் அந்தக் கம்மல் இல்லாததைக் கவனிக்காமலே நான் இருந்திருக்கிறேன். கிரைண்டரைத் தவணையில் வாங்கியது, ஒரு மழைக் காலத்தில் அந்தத் தவணையைத் தங்கை கட்டியது.

சிலிண்டர் வரை தொடர்ந்து வந்தேன். மளிகைக் கடையில் கொஞ்சம் தடுமாறினேன். கிரைண்டரில் முழுதாகத் தொலைந்துபோனேன்.

"நிறுத்து" என்றேன்.

அவள் உடனே நிறுத்தினாள். கால்களை மடக்கிக்கொண்டாள். நான் எழுந்துவிடுவேன் என்று நினைத்திருப்பாள்.

"கிரைண்டர் தவணைய உன் தங்கச்சி கட்டுனா. அப்போ தங்கச்சிக்கு நாம குடுக்கறது கிரைண்டர் காசா, அவகிட்ட வாங்குன கைமாத்தா?"

"ரெண்டும் ஒண்ணுதான்யா."

"எப்படி ஒண்ணாவும்? ரெண்டு தடவ குடுக்கறோமா, ஒரு தடவையா?"

"ஒரு தடவ."

"அப்போ முன்ன சொன்னது?"

பூங்காவனம் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். உதடு அசைந்தது, எதையோ கூட்டினாள், கழித்தாள். முகத்தில் முதல்முறையாக என் முகத்தில் இருப்பது போன்ற ஒரு குழப்பம் வந்தது.

"இரு. அத நான் ரெண்டு தடவ எண்ணிட்டேனா?"

"எனக்கு இன்னா தெரியும்? மொதல்ல இருந்து சொல்லு" என்றேன்.

அரிசி ஊற இன்னும் நேரம் இருந்தது. அவள் கேஸ் சிலிண்டரிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.